தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்: வாடும் வீட்டுச் செடியை மீட்பது எப்படி

அக்கா வீடு மாறியபோது என்னிடம் விட்டுப்போன செடி அது. பீஸ் லில்லி. கரும்பச்சை இலை, நடுவே வெள்ளைப் படகு போல ஒரு பூ. "இதுக்குப் பெரிசா ஒண்ணும் பார்க்க வேண்டாம். தாகம் எடுத்தா அதுவே சொல்லும்" என்றாள். அப்படித்தான் இருந்தது. தண்ணீர் குறைந்தால் இலை மொத்தமும் தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கிவிடும். காலையில் ஒரு சொம்பு ஊற்றினால் மதியத்துக்குள் நிமிர்ந்துவிடும். மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இப்படியே நடந்தது.

நான்காம் வருடம், வாரக்கணக்கில் வெயிலே தலைகாட்டாத ஒரு மாதத்தில், செடி துவண்டது. வழக்கம்போல ஊற்றினேன். நிமிரவில்லை. மறுநாள் இன்னொரு சொம்பு. ஐந்தாம் நாள் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் வைக்கலாம் என்று தொட்டியைத் தூக்கினேன். கல்லாகக் கனத்தது. அடித்தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, புளித்த சாக்கடை வாடையோடு. தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது செடி.

அந்தச் செடியை மீட்டதில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுடையது மணி பிளான்ட், ரப்பர் செடி, மான்ஸ்டெரா எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றேதான். துவண்ட செடியைப் பார்த்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடாமல் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

தாகத்துக்கும் அழுகலுக்கும் ஒரே முகம்

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் காற்று வெளியேறிவிடும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும். நாள் கணக்கில் ஊறிக் கிடந்தால் வேர் நுனிகள் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரைத் தேடி பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற கிருமிகள் வரும். பூஞ்சை மாதிரி தெரிந்தாலும் இவை நீரில் நீந்திப் பரவும் வேறு ஓர் இனம். ஈரம்தான் அவற்றுக்குப் பாதை. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலைக்குத் தண்ணீர் போகாது. இலை துவளும். நாம் தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுவோம்.

"தண்ணீர் பாட்டிலிலேயே மணி பிளான்ட் வளர்கிறதே, அது ஏன் அழுகவில்லை?" என்று கேட்கலாம். தண்ணீரிலேயே முளைத்த வேரின் அமைப்பு வேறு, உள்ளே காற்று போக வழி வைத்துக்கொண்டு வளர்கிறது. மண்ணில் வளர்ந்த வேரைத் திடீரென்று சேற்றில் முக்கினால் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

என் வீட்டில் நடந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது: வெளிச்சம். வெயில் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். நான்கு நாளில் காய்ந்த தொட்டி பத்து நாள் ஆனாலும் காயாது. நானோ நாட்காட்டியைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன். "வாரம் இரண்டு முறை" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தொட்டியின் அளவு, மண்ணின் தன்மை, வெளிச்சம், காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கைப் போடுகின்றன.

சரி, எது தாகம், எது அழுகல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாகத்தில் தொட்டி லேசாக இருக்கும். மண் சுருங்கி, தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும். இலை மெலிந்து காகிதம் போல இருக்கும். அழுகலில் தொட்டி கனக்கும். இலை துவண்டிருந்தாலும் தொட்டால் மெத்தென்று இருக்கும், கீழிருந்து மஞ்சளாகும், காம்பின் அடி சில சமயம் கொழகொழப்பாகும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். பெரிய தொட்டி என்றால் சீவாத ஒரு மரக்குச்சியை அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். நனைந்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மண்ணில் குத்திப் பார்க்கும் விலை மலிவான ஈரமானிகளை நான் நம்புவதில்லை. அவை அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான். மண்ணில் உர உப்பு சேர்ந்திருந்தால் காய்ந்த மண்ணையும் ஈரம் என்று காட்டும்.

தாகம்தான் என்றால் வேலை சுலபம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில தொட்டிக் கலவைகள் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. மேலே ஊற்றுவது சுவரோரமாக வழிந்து துளை வழியே ஓடிவிடும், வேர்க்கட்டி காய்ந்தபடியே இருக்கும். ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் தொட்டியை அதில் உட்கார வையுங்கள். மேல் மண் ஈரமானதும் எடுத்து நன்றாக வடியவிடுங்கள். பீஸ் லில்லி என்றால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.

வேரை வெளியே எடுப்பது

அழுகல் என்று சந்தேகம் வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். செடியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் இரண்டு நாள் தயங்கினேன். அந்த இரண்டு நாளில் இன்னும் நான்கு இலை போயிற்று.

முதலில் கையுறை. பீஸ் லில்லி என்ற பெயரில் லில்லி இருந்தாலும் அது சேம்பு குடும்பத்துச் செடி. மணி பிளான்ட், மான்ஸ்டெரா, டீஃபன்பாக்கியா எல்லாம் அதே குடும்பம்தான். இவற்றின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி ஊசியான படிகங்கள் உண்டு, தோலில் பட்டால் அரிக்கும். மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தைகளும் பூனை, நாயும் உள்ள வீட்டில் வெட்டிப் போட்ட இலைகளை உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்.

தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். காம்புகளின் அடியை விரல்களுக்கு நடுவே பிடித்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கி, தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டினால் வேர்க்கட்டி முழுதாக இறங்கும். இறங்காவிட்டால் சுவரோரமாகக் கத்தியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், கையோடு வந்துவிடும்.

என் செடியின் வேர்க்கட்டியில் மேல் மூன்றில் ஒரு பங்கு நன்றாக இருந்தது. கீழே வரவர நிறம் மாறிக்கொண்டே போனது: வெள்ளை, மங்கல் மஞ்சள், பழுப்பு, அடியில் கறுப்பு. ஒரு பழுப்பு வேரைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் நனைந்த உறை மாதிரி கழன்று வந்தது. உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு நரம்பு மட்டும் மிச்சம் நின்றது. செத்த வேர் என்பதற்கு இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில செடிகளுக்கு நல்ல வேரே பழுப்பாகவும் ஆரஞ்சாகவும் இருக்கும். இழுத்தால் உரியாமல், அழுத்தினால் நசுங்காமல் விறைப்பாக இருந்தால் அது உயிருள்ள வேர்.

குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு மண்ணைக் கழுவுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அழுகியதையெல்லாம் நல்ல பகுதி தென்படும் வரை வெட்டுங்கள். இங்கே இரக்கம் பார்க்கக் கூடாது. அரை அங்குலம் அழுகலை விட்டுவைத்தாலும் அது மேலே ஏறும். நான் வெட்டி முடித்தபோது பெரிய பந்து அளவு இருந்த வேர் என் கைக்குள் அடங்கியது. பார்க்கவே மனசு கனத்தது.

இலையையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். இவ்வளவு சின்ன வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் தர முடியாது. ஆனால் மொட்டையடித்துவிடாதீர்கள். புது வேர் விடத் தேவையான சர்க்கரையை இலைதான் தயாரிக்கிறது. மஞ்சளானவை, பாதிக்கு மேல் காய்ந்தவை, அடியில் இருக்கும் கிழ இலைகள், பூக்கள். இவை போதும். என் செடியில் 22 இலையில் 9 எடுத்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடில் வேரை முக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. நன்றாகக் கழுவி, சரியாக வெட்டினால் அது இல்லாமலே பிழைக்கிறது.

தொட்டி சின்னதாகவே இருக்கட்டும்

பாவம், நல்ல இடமாகக் கொடுப்போம் என்று பெரிய தொட்டிக்கு மாற்றுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வேர் இல்லாத மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க ஆள் இல்லை. அது நாள் கணக்கில் சதசதவென்று இருக்கும், அழுகல் திரும்ப வரும். மிஞ்சியிருக்கும் வேரைச் சுற்றி ஓர் அங்குலம் இடம் போதும். 10 அங்குலத் தொட்டியில் இருந்த என் செடி 5 அங்குலத் தொட்டிக்கு வந்தது. அடியில் துளை கட்டாயம். துளை இல்லாத அழகுத் தொட்டி பிடித்திருந்தால், துளையுள்ள தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

அடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து இதைச் சோதித்துப் பாருங்கள். நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் பிடித்துச் சொட்டு நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். மண்ணும் இப்படித்தான். அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மண் ஆழம் கூடினால் வேருக்கும் அந்த ஈர அடுக்குக்கும் தூரம் கூடும். கல் போட்டு ஆழத்தைக் குறைத்தால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். மண் ஒழுகாமல் இருக்கத் துளைமேல் ஒரு துண்டு வலை போதும்.

கலவைக்கு நான் எடுத்தது 2 பங்கு கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), 1 பங்கு பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் துகள்), ஒரு கைப்பிடி நன்றாக மக்கிய உரம். கோகோபீட்டில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுவேன். தோட்டத்து மண் வேண்டாம். தரையில் அது நல்ல மண்தான், தொட்டிக்குள் சில மாதத்தில் இறுகிக் களிமண் கட்டியாகிவிடும். பழைய கலவையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பழைய தொட்டி வேண்டுமென்றால் சோப்பு போட்டுத் தேய்த்து, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள்.

முன்பு எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் நடுங்கள். காம்புகள் கூடும் இடம் மண்ணுக்குள் புதையக் கூடாது. அழுத்தி அமுக்க வேண்டாம். தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினால் மண் தானாக இறங்கும். துளை வழியே வடியும் வரை ஒருமுறை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தண்ணீர், மேலே இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு.

வைக்கும் இடம்

வெளிச்சத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். ஜன்னலோரத்தில் சில ஆயிரம். நான்கைந்து அடி உள்ளே தள்ளிய மூலையில் 100 கூட இல்லாமல் போகலாம். கண் பாவை விரிந்து சமாளித்துக்கொள்வதால் நமக்கு அறை முழுக்க வெளிச்சமாகவே தெரிகிறது. நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் என்றால் நல்ல வெளிச்சம். கலங்கலான நிழல் என்றால் பீஸ் லில்லி, மணி பிளான்ட் போன்றவற்றுக்குப் பரவாயில்லை. நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் மெல்ல மெல்லத் தேய்ந்துதான் போகும்.

அதற்காக, வாடிய செடியை நேரே வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். காட்டில் பெரிய மரங்களின் காலடியில் வளர்ந்த இனம் இது. நேர் வெயில் பட்டால் ஒரே நாளில் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும். வெயில் நேராக விழாத, வானம் தெரியும் ஜன்னலோரம் போதும். ஏசி காற்றும் ஹீட்டர் காற்றும் படாத இடமாக இருக்கட்டும்.

வேர் ரொம்பக் குறைவாக மிஞ்சியிருந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கூடாரம் மாதிரி தளர்வாக மூடுங்கள். இலையிலிருந்து ஈரம் போவது குறையும். தினமும் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பதில் பெரிய பலன் இல்லை. சில நிமிடத்தில் காய்ந்துவிடும், காற்றின் ஈரம் கூடாது.

கவனிக்க இன்னும் சில

வேர் நன்றாக இருந்தும் செடி தேறவில்லை என்றால் இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல இருந்தால் மாவுப்பூச்சி, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டும்போது விழும் புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு முறையோடு நிறுத்தினால் பயனில்லை. மண்ணிலிருந்து சின்னக் கொசு மாதிரி கிளம்பினால், மேல் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். காயவிட்டாலே பெரும்பாலும் போய்விடும்.

இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் பதற வேண்டாம். உர உப்போ, வறண்ட காற்றோ, விட்டுவிட்டுக் காய்ந்ததோ காரணமாக இருக்கலாம். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புதான். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடித்துவிடுங்கள். அடியில் ஒரே ஓர் இலை மஞ்சளாவது வயசு. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

வேர் மொத்தமும் போய்விட்டது என்றால்? மணி பிளான்ட், மான்ஸ்டெரா என்றால் கணுவோடு ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். கணு இல்லாத தனி இலை மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், செடியாகாது. ஸ்நேக் பிளான்டுக்கு இலைத் துண்டே போதும், மெதுவாகத்தான் முளைக்கும். பீஸ் லில்லிக்கு இந்த வழி எதுவும் இல்லை. அடிக்கிழங்கு விறைப்பாக இருந்தால் நடுங்கள், கொழகொழத்துவிட்டால் விடைகொடுத்துவிடுங்கள்.

காத்திருப்பது

இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முதல் மூன்று வாரம் என் செடியில் ஒன்றுமே நடக்கவில்லை. இன்னும் இரண்டு இலை போயிற்று. உரம் போடலாமா என்று கை பரபரத்தது. போடக் கூடாது. வேர் இல்லாத செடிக்கு உரம் உணவாகாது, அந்த உப்பு மிச்ச வேரையும் கருக்கும். தினமும் தோண்டிப் பார்க்கவும் கூடாது. வாரம் ஒருமுறை ஓர் இலைக்காம்பின் அடியைப் பிடித்து, மிக லேசாக மேலே இழுத்துப் பார்ப்பேன். நான்காம் வாரம் முதல்முறையாகச் செடி திருப்பிப் பிடித்தது. மண்ணுக்குள் யாரோ என் விரலைப் பற்றிக்கொண்டது போல இருந்தது.

ஆறாம் வாரம் ஒரு பழைய காம்பின் மடியிலிருந்து வெளிறிய பச்சையில், பென்சில் முனை மாதிரி சுருண்ட குருத்து எட்டிப் பார்த்தது. அது விரிய ஒன்பது நாள் ஆயிற்று. மற்ற இலைகளில் பாதி அளவுதான், ஓரம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அடுத்த இலை அதைவிடப் பெரிசு. இரண்டாவது இலை முழுதாக விரிந்த பிறகுதான், புட்டியில் போட்ட அளவில் பாதி வீரியத்தில், ஈர மண்ணில் உரம் கொடுத்தேன். அப்புறம் மாதம் ஒருமுறை.

இப்போது பக்கவாட்டில் ஒரு புதுக் கன்று கிளம்பியிருக்கிறது. மூன்று நான்கு இலையும் தனக்கென்று வேரும் வந்த பிறகு, அடிக்கிழங்கோடு பிரித்து 4 அங்குலத் தொட்டியில் நட்டு அக்காவிடம் கொடுக்க வேண்டும். போனில் சொன்னபோது, "தண்ணி எப்ப ஊத்தணும்னு எழுதிக் கொடு" என்றாள். தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.